பத்துக்கு எட்டு வாங்கிய கணையம்

ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறவளுக்கு ஒரு சலுகையும் ஒரு தண்டனையும் உண்டு: உங்கள் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்; அதை உங்களிடம் சொல்ல மட்டும் அவளுக்கு அனுமதி கிடையாது.

தருமபுரியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒரு சி.டி. ஸ்கேன் சென்டரில் ஏழு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். தமிழ் இலக்கியம் படித்தவள். கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்று, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் இங்கே வந்து சேர்ந்தேன். டாக்டர் உள்ளறையில் திரையைப் பார்த்தபடி சொல்லிப் பதிவுசெய்வதை, வெளியே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்கிறேன். அந்தப் பெரிய உறையைக் கையில் வாங்கி, படத்தை உருவி, ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒன்றும் விளங்காமல் மறுபடி உள்ளே செருகியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி. ஏழு வருடம் ஆகியும் எனக்கு அது மேகமூட்டமாகத்தான் தெரிகிறது.

உள்ளே குடியிருப்பவர்

தலை என்றால் தெரியும், மார்பு என்றால் தெரியும், சிறுநீரகம்கூட இப்போது எல்லோருக்கும் தெரியும். கணையம் என்றால் மட்டும் எதிரில் நிற்கிறவர் முகம் வெளுத்துப்போகும். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கிற உறுப்பு அது. சாப்பாட்டைச் செரிக்கவைக்கிற சாற்றைக் குடலுக்கு அனுப்புவது அதன் வேலை. ஏதோ ஒரு கோளாறில் அந்தச் சாறு வெளியே போகாமல் உள்ளேயே வேலையை ஆரம்பித்துவிட்டால், கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்ளத் தொடங்கும். பலருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது. யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் இந்த ஸ்கேன்.

கல்லூரியில் கணையம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் படித்தேன். கோட்டைக் கதவுக்குப் பின்னால் குறுக்கே போடுகிற கட்டைக்கு அந்தப் பெயர். அதை எடுத்து வயிற்றுக்குள் வைத்தது யாரோ, அவருக்கு நல்ல கண். குறுக்கேதான் கிடக்கிறது, முறிந்தால் கதவு திறந்துகொள்கிறது.

எங்கள் டெக்னீஷியன் ஜாகீருக்கு இந்த இலக்கியமெல்லாம் வேண்டியதில்லை. முப்பது வயது, இயந்திரத்தை ஓட்டுகிறவர். தன் சட்டையின் மேலேயே விரலால் ஒரு மாவிலையை வரைந்து காட்டி, "இங்கதாங்க, இவ்வளவுதாங்க" என்று முடித்துவிடுவார். அரூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அந்த மாவிலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்துச் சொன்னார்: "அறுவத்தஞ்சு வருசமா உள்ள குடியிருந்திருக்குது, ஒரு நாளாச்சும் நான் இன்னாருன்னு சொன்னதில்லையே."

சாப்பிடாமல் வந்தவர்

அதே பெரியவர்தான். நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்பதால் வெறும் வயிற்றோடு வரவேண்டும். முதல் நாளே மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தேன். காலையில் வந்ததும், சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒன்றுமே இல்லையா என்றேன். ஒன்றுமே இல்லை என்றார். மேசையில் ஏறிப் படுத்த பிறகு ஜாகீர் தற்செயலாகக் கேட்டிருக்கிறார், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, மாட்டைக் கட்டி, ரெண்டு உருண்டை களி போட்டுக்கிட்டுப் பஸ் ஏறினேன் என்றிருக்கிறார்.

இறக்கி வெளியே உட்காரவைத்தோம். நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை, விவரம் தெரியாத பெண்ணுக்கு விளக்குகிற பொறுமையோடு பதில் சொன்னார்: "சாப்பிடலைன்னா சோறு திங்கலைன்னு அர்த்தமுங்க. களி திங்கலைன்னு நான் சொல்லவே இல்லீங்களே."

இப்போது நான் கேட்கிற கேள்வியில் சோறு, களி, கூழ், டீ, பொறை எல்லாம் தனித்தனியாக வருகின்றன.

முதல் கேள்வி

ஏரியூர்ப் பக்கத்திலிருந்து மாதையனை ஒரு வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்தார்கள். தக்காளி ஏற்றுகிற சின்ன லாரி ஓட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். முந்தின நாள் இரவு வலி வந்து, எங்கள் பக்கத்துத் தெரு மருத்துவமனையில் சேர்த்து, ரத்தப் பரிசோதனையில் கணைய அழற்சி என்று தெரிந்து, எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார். கூட வந்தது அவர் மனைவி காவேரி மட்டும்.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: மதுப் பழக்கம் உண்டா? இந்த நோய்க்குக் குடி ஒரு முக்கியக் காரணம் என்பதால் அந்தக் கட்டம். கேட்கிற தோரணையில்தான் எங்கள் தப்பு. பதில் வருவதற்கு முன்பே என் பேனா 'உண்டு' என்கிற பக்கம் போய்விட்டது. காவேரி அந்தப் பேனாவைப் பார்த்துவிட்டாள். ஆம்புலன்ஸ்காரர் கேட்டார், ஊசி போட்ட பெண் கேட்டாள், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார் என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு மருத்துவமனை கொடுத்தனுப்பி என் கையில் இருந்த சீட்டைத் தொட்டுக் காட்டினாள். பித்தப்பையில் கல், அது நழுவிக் கணையத்தின் வழியை அடைத்திருக்கலாம் என்று மூலையில் எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

"கல்லு இருக்குதுன்னு அதுலயே எழுதியிருக்குதுங்கம்மா. அதைப் படிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அவரு வாயை மோந்து பாக்கறீங்களே."

மூன்று நாள்

சீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டர் வெளியே வந்தார். அவர் அப்படி வருகிறவர் இல்லை. நாள் முழுக்க இரண்டு திரைகளுக்கு நடுவில் இருட்டில் வாழ்கிறவர். அனுப்பிய மருத்துவரிடம் போனில் பேசினார். பிறகு காவேரியிடம், இன்றைக்கு ஸ்கேன் வேண்டாம், திங்கட்கிழமை கூட்டிவாருங்கள் என்றார். நோய் இன்னது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் தெரிய வேண்டும். முதல் நாளே எடுத்தால் கணையம் கொஞ்சம் வீங்கினதுபோல மட்டும் தெரியலாம். அதில் எந்தப் பகுதிக்கு ரத்தம் நின்றுபோயிற்று என்று படம் காட்டிக்கொடுக்க மூன்று நாளாவது ஆகும். அதுவரை சலைன், வலிக்கு ஊசி, கண்காணிப்பு.

இதையெல்லாம் அவர் ஆங்கிலம் கலந்து சொல்லிப் பார்த்தார். காவேரியின் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில், "மழை இப்பத்தாம்மா பிடிச்சிருக்கு. ஏரி எவ்வளவு நிறையும்னு இன்னைக்கே கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார். நல்ல உவமைதான், நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஏரியைப் பற்றி ஏரியூர்க்காரிக்குச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

காவேரி ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்: "அதுவரைக்கும் வலியை எங்கங்க வெக்கறது?"

என் குரல்

ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை அடக்க வேண்டும். இல்லையென்றால் படம் கலங்கிவிடும். அதற்கு இயந்திரமே ஒரு குரலில் கட்டளையிடும். எங்களுக்கு வந்த இயந்திரம் வெளிநாட்டு உச்சரிப்பில் ஆங்கிலம் பேசியது. ஊர்க்காரர்கள் "என்னாங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள், கேட்டால் மூச்சு போய்விடும். ஜாகீர் ஒருநாள் மைக்கை என் முன்னால் வைத்து, "அம்மா, நீங்க நம்ம ஊர் மாதிரி சொல்லுங்க" என்றார். நாலு தடவை பதிவுசெய்தோம். முதல் தடவை 'மூச்சை உள்ளிழுத்து நிறுத்துக' என்று சொல்லி அவரிடம் திட்டு வாங்கினேன். கடைசியில், 'மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிச்சுக்குங்க' என்றும், கொஞ்சம் இடைவெளி விட்டு, 'இப்ப வுடுங்க' என்றும் அமைந்தது. இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் என் சொல் கேட்டு மூச்சை நிறுத்தியிருக்கிறார்கள். என் வீட்டில் ஒரு நாளும் என் சொல் இவ்வளவு எடுபட்டதில்லை.

திங்கட்கிழமை மாதையன் வந்தார். வெள்ளிக்கிழமையைவிட வலி குறைந்திருந்தது; ஆனால் வயிறு உப்பி, மூச்சு மேலோட்டமாக ஓடியது. மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவும், படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டதுபோல இருக்கும், பயப்படாதீர்கள், போயிருக்காது என்று ஜாகீர் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இவருக்கும் சொன்னார். முடிந்து ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது, மாதையன் கண்ணைத் திறக்காமலே அவரிடம் மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது: "உள்ள பேசினாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு நான் போகலைன்னு சொல்லிப்போட்டீங்களா?"

இனிப்பு

ரிப்போர்ட்டின் கடைசியில் ஓர் எண் வரும். கணையத்தைச் சுற்றி எவ்வளவு வீக்கம், எத்தனை இடத்தில் நீர் தேங்கியிருக்கிறது என்பதற்கு நான்கு வரைக்கும், கணையத்தில் எவ்வளவு செத்துப்போயிருக்கிறது என்பதற்கு ஆறு வரைக்கும், மொத்தம் பத்து. மூன்றுக்குள் இருந்தால் பெரும்பாலும் லேசு. ஏழுக்கு மேல் போனால் ஆபத்து. டாக்டர் சொன்னதைக் காதில் மாட்டிக்கொண்டு அடித்தேன். சுற்றிலும் இரண்டு மூன்று இடத்தில் நீர். கணையத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் இல்லை. எட்டு, சாய்கோடு, பத்து. அடித்துக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வெளியூர் கிளம்பிவிட்டார்.

காவேரி பத்தாவது படித்தவள். கவுண்டரிலேயே உறையைப் பிரித்து, ஆங்கிலத்தை விரலால் தாண்டித் தாண்டிக் கடைசி வரிக்கு வந்தாள். நாலு நாளாகக் காணாத ஒன்று அவள் முகத்தில் வந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். "எட்டுங்க மாமா. பத்துக்கு எட்டு. ஆமாங்க, இங்கிலீசுலயே போட்டிருக்குது. சேலமெல்லாம் வேண்டாமுங்க, நாளைக்கே வூட்டுக்குக் கூட்டியாந்தர்றேன்." ஸ்கேன் மோசமாக இருந்தால் சேலத்துக்கு மாற்ற வேண்டிவரும் என்று மருத்துவமனையில் காலையிலேயே சொல்லியிருந்தார்களாம். எதிர் பேக்கரிக்குப் போய் மைசூர்பாகு வாங்கிவந்து, வரிசையில் நோயாளிகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒன்று. கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஜாகீர் தாழ்ந்த குரலில், "அம்மா, ரிப்போர்ட்டை விளக்கறது நம்ம வேலை இல்லைங்க" என்றார். அவர் சொன்னது சரி.

என் கணவர் வயிற்று வலியில்தான் போனார். இந்த ஊரில் இந்த இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பு. ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் வலி கொஞ்சம் குறைந்தது, அவரே நடந்து வந்து வண்டியில் ஏறினார், வீட்டுக்குக் கூட்டிவந்தோம். என்ன நோய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கூட்டிப்போகாதே என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து காவேரியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இது பரிச்சை மார்க் இல்லம்மா. காய்ச்சல் பாக்கற மாதிரி. நம்பர் ஏற ஏற ஆகாது. வூட்டுக்குக் கூட்டிப்போயிடாதே, இப்பவே போய் டாக்டர்கிட்ட இந்தத் தாளைக் காட்டு" என்றேன்.

அவள் தாளை மறுபடி பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மீதி இருந்த இனிப்பைப் பொட்டலமாக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, பைக்குள் வைத்துவிட்டு எழுந்து நின்று கேட்டாள்: "அப்ப இந்த எட்டைக் குறைக்கறதுக்கு யாருகிட்டங்கம்மா போகணும்?"

செய்யுள்

அன்று மாலைக்குள் மாதையனைச் சேலத்துக்குக் கொண்டுபோய்த் தீவிர சிகிச்சையில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலை நான் செய்ததை டாக்டரிடம் சொன்னேன். நல்லவேளையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொன்னேன். பத்து நிமிடம் கோபப்பட்டார். ரிப்போர்ட் மருத்துவருக்கு எழுதுவது, நோயாளிக்கு அல்ல என்றார். "உண்மைதான் சார், ஆனா உறையைப் பிரிக்கறது அவங்கதானே" என்றேன். திரையில் இருந்த படத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் திறந்தார். பிறகு, சரி, எண்ணுக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதிக்கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார்.

நாற்பது வருடத்தில் என்னிடம் யாரும் தமிழில் ஒரு வரி கேட்டதில்லை. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். 'எண் உயர இடர் உயரும்; எண் தாழ இடர் தாழும்.' எனக்கே பிடித்திருந்தது. டாக்டர் இரண்டு தடவை படித்தார். "லலிதாம்மா, இது ரிப்போர்ட்டுங்களா, செய்யுளுங்களா?" என்றார்.

நாலு தாள் கிழித்தோம். கடைசியில், 'இது மார்க் இல்லை. எண் கூடினால் நோய் கூடுதல். உடனே உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்' என்று முடிவாயிற்று. எட்டிப் பார்த்த ஜாகீருக்கு அதுவும் நீளம். "முதல் வரி போதுங்கம்மா. மிச்சத்தை அவங்களே பயந்துக்குவாங்க."

சேலத்திலிருந்து

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, பதினொரு மணி வாக்கில், காவேரி சென்டர் எண்ணுக்குக் கூப்பிடுவாள். அந்த எட்டு எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அங்கே அது தினமும் ஏறி இறங்குகிறது என்று அவள் நம்பினாள். "இன்னைக்கு எவ்வளவுங்கம்மா ஆயிருக்குது? இங்க யாருமே நம்பர் சொல்ல மாட்டேங்கறாங்க." அது அன்றைக்கு எடுத்த படத்தின் எண், அப்படியேதான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பதில் அவளுக்கு ஆகவில்லை. அதனால் நான் கேட்க ஆரம்பித்தேன். சிறுநீர் போகிறதா? நேற்றைவிடக் கொஞ்சம் போகிறது. காய்ச்சல்? விட்டு விட்டு வருகிறது. மூச்சுக்கு வைத்த முகமூடி? பகலில் எடுத்துவிட்டார்கள். மூக்குக் குழாய் வழியாகச் சத்து நீர் இறக்குகிறார்கள். ஒரு வாரம் போன் வரவில்லை. அந்த வாரம் நான் அடித்த ரிப்போர்ட்டுகளில் எழுத்துப்பிழை அதிகம் என்று டாக்டர் சொன்னார்; ஏன் என்று கேட்கவில்லை.

மறுவாரம் போன் வந்தது. அவள் குரலில் ஒரு சலிப்பு. வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிற பெண்ணுக்குத்தான் அந்தச் சலிப்பு வரும்.

"இன்னைக்கு என்னைத் திட்டினாருங்கம்மா. லாரிச் சாவியை யாருகிட்ட குடுத்தேன்னு."

எண் இல்லாத தாள்

இரண்டு மாதம் கழித்து மாதையன் நடந்து வந்தார். சட்டைக்குள் ஆள் தொலைந்துபோயிருந்தார். ஆனாலும் நடந்து வந்தார். காவேரி அவருக்கு முன்னால் வந்து, சோறு, களி, கூழ், டீ, பொறை எதுவும் இல்லை என்று நான் கேட்பதற்கு முன்பே ஒப்பித்தாள். ஜாகீர் உள்ளே கூட்டிப்போனார். என் குரல் அவரை மூச்சை இழுக்கச் சொன்னதும் விடச் சொன்னதும் கதவு வழியாகக் கேட்டது. அன்றைக்குத்தான் கவனித்தேன், 'இப்ப வுடுங்க' என்கிற இடத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை அடித்தேன். தேங்கியிருந்த நீரைச் சுற்றி உடம்பே சுவர் எழுப்பி அடைத்துவிட்டது. அதுவும் சுருங்கிக்கொண்டு வருகிறது. சீழ் இல்லை. மீதிக் கணையம் நன்றாக இருக்கிறது. பித்தப்பையில் கல் அப்படியே இருக்கிறது, அதை எடுக்க வேண்டும். அத்தோடு முடிந்தது. காவேரி உறையைப் பிரித்தாள். நேராகக் கடைசி வரிக்குப் போனாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். உறைக்குள் கையை விட்டுத் துழாவினாள். "நம்பரைக் காணோமுங்கம்மா" என்றாள். குரல் நடுங்கியது. சேலம் போன அன்றுகூட அந்தக் குரல் நடுங்கவில்லை. நான் உள்ளே எட்டிக் கூப்பிட்டேன். டாக்டர் இரண்டாம் தடவையாக இருட்டிலிருந்து வெளியே வந்தார். "அது முதல் வாரத்துக்கு மட்டும்மா. எவ்வளவு மோசமாப் போகும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கறதுக்கு. போக வேண்டிய தூரமெல்லாம் போய்த் திரும்பி வந்துட்டாரு. இப்ப எதுக்கு நம்பர்? பித்தப்பையை மட்டும் எடுத்துட்டா போதும்" என்றார்.

மாதையன் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். காவேரி அவரைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், தாளை நாலாக மடித்தாள். "அப்ப இவரு இனிமே சும்மா மனுசனாவே இருக்கலாமுங்களா சார்?"

ஓர் எண்ணை விட்டுவிட்டால் ரிப்போர்ட் திரும்பி வந்துவிடும் என்று ஏழு வருடமாகப் பயந்து பயந்து அடித்தவளுக்கு, எண்ணே இல்லாத ஒரு தாளை ஒருத்தி தாலிக்குப் பக்கத்தில் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனதைப் பார்த்தபின், இந்த வேலையில் எது பிழை எது திருத்தம் என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.